வேம்புக்குப் போட்ட ஒட்டியாணம்

என் வயசுக்காரிகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மரம் எப்படிப் பருக்கிறது? நெட்டையாக வளர்வது எல்லாருக்கும் தெரியும். நுனியில் துளிர் விட்டு மேலே போகும். ஒரு கைக்குள் அடங்கின தண்டு, இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப் பிடித்தாலும் எட்டாத மரமாக எந்த இடத்தில் வைத்துப் பருக்கிறது? நடுவில் இருந்து ஊதி வருகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது தப்பு. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில், வெண்டைக்காயை நறுக்கினால் கையில் ஒட்டுமே, அது மாதிரி ஒரு வழவழப்பு இருக்கிறது. தாளைவிட மெல்லிசு. மரத்தின் பெருக்கம் முழுவதும் அங்கேதான். அது உள்பக்கம் கட்டையைக் கட்டும், வெளிப்பக்கம் பட்டையைக் கட்டும். வருஷா வருஷம் சட்டைக்கு மேல் சட்டை.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். இதை எனக்குப் புத்தகம் சொல்லவில்லை. என் மேல் விழுந்த ஒரு பழி சொல்லிக் கொடுத்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துக் கூட்டி எழுதுவதால் மெதுவாகத்தான் வரும். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை கிடையாது.

அப்போது எனக்கு ஒன்பது முடிந்து பத்து நடந்தது. எழுபத்திரண்டோ மூன்றோ. சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்கக் கைத்தறிச் சத்தம். எங்கள் வீடும் சித்தப்பா வீடும் ஒரே வளவுக்குள் எதிரும் புதிருமாக இருந்தன. நடுவில் திறந்த இடம். அதில் ஒரு வேம்பு. அந்த நிழலில்தான் அம்மை பாவு போடுவாள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை ஒட்டாமல் பிரித்துக் காயவைக்கிற வேலை அது. வெயிலில் போட்டால் கஞ்சி சுரீரென்று காய்ந்து நூல் முறியும். வேப்ப நிழல் அதற்கென்றே செய்தது மாதிரி இருக்கும். தெருவில் நாலைந்து வீட்டுப் பாவு அம்மையிடம்தான் வரும். வீட்டுக்குள் அப்பா சொல்வதுதான் சட்டம். மரத்தடிக்கு வந்துவிட்டால் அம்மை வேறு ஆள். இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டு, "இங்கன பிடி, அங்கன விடு" என்று நாலு பெண்களை ஏவுவாள்.

மரத்தில் ஒரு இரும்புக் கொக்கி இருந்தது. அம்மை கல்யாணமாகி வந்த வருஷம் அப்பா அடித்துக் கொடுத்தது. பாவுக் கயிற்றை அதில்தான் கட்டுவாள். எனக்கு விவரம் தெரிந்தபோது கொக்கியின் வளைவு மட்டும் வெளியே தெரிந்தது. மீதியை மரம் விழுங்கிவிட்டது.

"எம்மா, மரம் வளருதே, கொக்கி ஏன் மேல போகல?" என்று கேட்டேன்.

"அதுக்கு என் இடுப்பு உசரம் தெரியும்ட்டி. குனிய வைக்கக் கூடாதுன்னு அங்கனயே நிக்கி" என்றாள் அம்மை. சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

தாத்தா பாகம் பிரித்தபோது பத்திரத்தில் ஒரு வரி எழுதி வைத்திருந்தார். வேம்பு நிற்கிற காலம் வரை அந்த இடம் இரண்டு வீட்டுப் பெண்களும் பாவு போடும் பொது இடம்; யாரும் அதில் கட்டடம் எழுப்பக் கூடாது; பச்சை மரத்தை வெட்டவும் கூடாது. நல்ல எண்ணத்தில் எழுதினாரோ, நிழலில் உட்கார்ந்த சுகத்தில் எழுதினாரோ, அந்த ஒரு வரியில்தான் அம்மை நின்றுகொண்டிருந்தாள்.

ஊருக்குள் கரண்டுத் தறி வந்துகொண்டிருந்தது. சித்தப்பாவுக்கு அதில் ஆசை. அந்த இடத்தில் கூரை போட்டு செட் எழுப்ப வேண்டும், நாலு தறி இறக்க வேண்டும், அதில் இரண்டை அண்ணன் ஓட்டலாம் என்றார். அப்பாவுக்கு முழங்கால் வலி. குழித்தறியில் இறங்கி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு முனகுவார். அவருக்கும் ஆசை வந்துவிட்டது.

"நெழலுக்காக ஒரு எடத்தை எத்தன நாளைக்குச் சும்மா போட்டு வைக்க? நீயே சொல்லு" என்றார் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே.

"சும்மாவா கெடக்கு? நான் அங்கன என்ன பல்லாங்குழியா ஆடுதேன்?"

"செட்டுக்குள்ள ஒனக்கும் வேல இருக்கும்லா."

"ஒங்க தம்பி வேல சொல்ல, நான் கைகட்டிக் கேக்கணும். அதான சொல்லுதிய? மரம் நிக்கிற மட்டும் எடம் எங்களுது. ஒங்கய்யா எழுதுனது. வேண்டாம்னா அவர எழுப்பிக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள்.

அப்பா பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தார். அவர் சத்தம் போடுகிற மனுஷன் கிடையாது. தெருவில் அவரைப் போல நல்ல மனுஷன் இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான்.

அந்த ஆடியில் சித்தி கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் சிரங்கு. சித்தி என்னைக் கூப்பிட்டாள்.

"மக்கா, வேப்பம்பட்டை ஒரு கை எடுத்துட்டு வா. வெந்நில போட்டுப் பிள்ளையக் குளிப்பாட்டணும். அடியில வேண்டாம், நாயி ஒண்ணுக்கு இருந்திருக்கும். ஒன் இடுப்பு உசரத்துல எடு. மேல இருக்க பொருக்கைத் தள்ளிரு. உள்ள செவப்பா நாரு மாதிரி இருக்கும் பாரு, அதான் மருந்து."

அவள் சொன்னது அவ்வளவுதான். சுற்றி எடுக்கச் சொல்லவில்லை. இதில் சித்தி மேல் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

காய்கறி நறுக்குகிற கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். முதல் நாள் நாலு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு. பட்டை விட்டு வரும்போது ஈரத்துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். உள்ளே வெள்ளைக்கட்டை, தண்ணீர் தெளித்தது போலப் பளபளத்தது. விரல் வைத்தால் வழுக்கியது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், கசப்பு. மறுநாளும் சித்தி கேட்டாள். அதே உயரத்தில், அதே அகலத்தில், பக்கத்துத் துண்டு. ஆடித் தபசு முடிந்த கையோடு இருந்தோம். அப்பா தோளில் உட்கார்ந்து அம்மன் புறப்பாடு பார்த்தது கண்ணுக்குள்ளேயே நின்றது. அம்மன் இடுப்பில் ஒட்டியாணம் மின்னியதே, அது. மூன்றாம் நாள் சிரங்கு வாடத் தொடங்கியது. சித்தி போதும் என்றாள். எனக்குப் போதவில்லை. இடைவெளியோடு விட்டால் ஒட்டியாணம் எப்படி ஆகும்? ஓரத்தைக் கோணல் இல்லாமல் சீவி, ஐந்தாம் நாள் சுற்றி வந்து முட்டவிட்டேன். கொக்கிக்கு ஒரு சாண் கீழே, மரத்தின் இடுப்பில் வெள்ளை ஒட்டியாணம். எனக்கு அப்படி ஒரு பெருமை.

முதலில் பார்த்தது அப்பா.

"என்னட்டி செஞ்சி வச்சிருக்க?"

"ஒட்டியாணம்ப்பா."

அடிப்பார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவர் அடிக்கவில்லை. ஒரு விரலை வைத்து மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். இடைவெளி எங்கேயும் இல்லை. புறப்பட்ட இடத்துக்கே விரல் வந்து சேர்ந்தது.

"ஒண்ணும் ஆகாது. புத்துமண்ணு போட்டு விடுதேன், ஆறிரும்" என்றார்.

கோவில் புற்றுமண்ணை நம் ஊரில் எதற்குத்தான் போடமாட்டோம்? தேமலுக்கும் கட்டிக்கும் பூசுவோம், காய்ச்சல் பிள்ளையின் நெற்றியில் இடுவோம். அப்பா கோவிலுக்குப் போய்ப் பொட்டலம் வாங்கி வந்தார். அது காணாது என்று வளவு மண்ணோடு சேர்த்துப் பிசைந்தார். காயத்தில் பூசி, பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிக் கட்டினார். அம்மை பதறித்தான் போனாள், என்னை நாலு வார்த்தை வைதாள். ஆனால் புற்றுமண் என்றதும் அடங்கினாள். கட்டின துணிமேல் கை வைத்துக் கும்பிட்டாள். அன்றைக்கு அப்பாவைப் பார்க்க எனக்கு அந்தச் சாமியையே பார்க்கிற மாதிரி இருந்தது.

பத்து நாள் கழித்து, யாரும் இல்லாத நேரம் பார்த்துத் துணியின் ஓரத்தை விலக்கி மண்ணைக் கொஞ்சம் சுரண்டினேன். உள்ளே வெள்ளை இல்லை. இளம்பச்சையும் மஞ்சளுமாகப் புள்ளி புள்ளியாய்ப் புதுத்தோல் ஓடியிருந்தது. வெட்டின கரை உதடு மாதிரி உருண்டு தடித்திருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரிடம் ஓடினேன் என்று நினைக்கிறீர்கள்?

"எப்பா, புதுத் தோலு வருது. மரம் பொழச்சிட்டு."

"எங்கன?"

கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினேன். அப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார். என் தலையில் கை வைத்தார். மண்ணைத் திரும்ப அப்பிவிட்டு, "சொரண்டாத, காத்துப் பட்டா ஆறாது" என்றார்.

அடுத்த வாரம் ராயகிரியில் மாமா வீட்டில் ஒரு விசேஷம். அம்மையும் நானும் போய் மூன்று நாள் இருந்தோம். அப்பா தறியில் அவசரச் சேலை இருக்கிறது என்று வரவில்லை. திரும்பி வந்தபோது மரத்தில் புதுத்துணி கட்டியிருந்தது. மண் முன்னைவிடக் கனமாக, பிதுங்கி நின்றது. "நல்லா ஆறட்டும்னு இன்னும் கொஞ்சம் போட்டேன்" என்றார் அப்பா. பயண அலுப்புக்கு எங்களுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தார். அடுப்பில் எரிந்தது பச்சை மரச் சிராய். வெள்ளை வெள்ளையாக, நகத்தளவு, விரலளவு. சரியாக எரியாமல் நுரை தள்ளிப் புகைந்தது. தறிக்கட்டையைச் செதுக்கியிருப்பார் என்று நினைத்தேன். உண்மையில் ஒன்றுமே நினைக்கவில்லை. வெந்நீர் சுகமாக இருந்தது, அவ்வளவுதான்.

புரட்டாசியில் இலை பழுக்கத் தொடங்கியது. ஐப்பசி மழைக்குத் தெருவில் உள்ள மற்ற வேம்பெல்லாம் கருகருவென்று நின்றன. எங்கள் மரம் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது. அம்மை மழையிலும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். கார்த்திகையில் ஒரு இலை கிடையாது. பாவுக் கஞ்சி வெயிலில் காய்ந்து நூல் பட்டுப்பட்டென்று முறிந்தது. பாவு கொடுத்த வீடுகள் ஒவ்வொன்றாக வேறு ஆளைத் தேடின.

சித்தப்பா வந்தார். தெருவில் இரண்டு பெரியவர்களும் வந்தார்கள். மரம் ஏன் பட்டுப்போனது என்று பேச்சு வந்தபோது அப்பா எல்லார் முன்னாலும் சொன்னார்:

"என்னத்தச் சொல்ல? பிள்ளை சுத்தி உரிச்சிட்டா. ஒரு விரக்கடை விட்டிருந்தாக்கூடப் பொழச்சிருக்கும். நானும் புத்துமண்ணு போட்டுப் பாத்தேன். கேக்கல."

"புத்துமண்ணுக்கே கேக்கலன்னா அப்புறம் என்ன" என்றார் ஒரு பெரியவர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மொட்டை மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, "ஏட்டி, ஒனக்கு நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டாள். வேறு பிள்ளையிடம் கேட்பது மாதிரி கேட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் பையை எடுத்தபோது, "அத வையி. மரத்தக் கொன்ன கைக்கு எழுத்து என்னத்துக்கு? உக்காந்து தார் சுத்து" என்றாள். தார் என்பது, தறியில் இங்கும் அங்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்ன நூல்கண்டு. ராட்டையைச் சுற்றிச் சுற்றி அதை நிரப்ப வேண்டும். அம்மைக்கு வேலை போனது, என் கையும் வேண்டியிருந்தது. அப்பா ஒரு வார்த்தை தடுத்துச் சொல்லவில்லை. சிலேட்டை மட்டும் எடுத்துப் பத்திரமாகப் பரணில் வைத்தார்.

மாசியில் மரம் அறுக்க இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் இளையரசனேந்தல் பக்கத்து ஆள். அடியில் வெட்டிச் சாய்த்து, அடிமரத்தை முட்டுக்கொடுத்து ஏற்றி, நீளவாக்கில் வாளை ஓட்டினார்கள். அம்மை பார்க்க மாட்டேன் என்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அறுப்புக்காரர்களுக்குத் தண்ணீர்ச் செம்போடு நின்றேன். கொஞ்ச தூரம் அறுத்ததும் கிறீச்சென்று ஒரு சத்தம். வாள் நின்றது. விழுங்கின கொக்கி.

"இரும்பு கெடக்குன்னு சொல்லக் கூடாதா அண்ணாச்சி? ரெண்டு பல்லு போச்சு" என்று அப்பாவைக் கடிந்துகொண்டார் மூத்தவர். வேறு இரும்பு இருக்கிறதா என்று பார்க்க, பக்கத்தில் காய்ந்து கிடந்த மண்கட்டைக் கோடாலிக் காம்பால் தட்டினார். புற்றுமண் பெரிய பெரிய கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. அவர் குனிந்தார். விரலை உள்ளே விட்டார்.

"இது யாரு வேல?"

"பிள்ளை பட்டை உரிச்சா" என்றார் அப்பா.

"பட்டை உரிச்சது தெரியுது. அது கத்தி. இது உளி அண்ணாச்சி. ரெண்டு விரக்கடை வெள்ளைக்குள்ள எறங்கியிருக்கு, சுத்தி. மேல்தோலு மட்டும் போனா வேம்பு திரும்பப் போட்டுக்கிடும். இந்தா, போட ஆரம்பிச்சிருக்கு, பாத்தியளா? கரை உருண்டு நிக்கி. அந்தப் புதுத் தோலையும் சேத்துல்லா எவனோ வெட்டியிருக்கான்."

அடியில் வெட்டின முகத்தில் கையை வைத்துக் காட்டினார். நடுவில் சிவப்பாக ஒரு வட்டம், சுற்றிலும் வெளுப்பு.

"செவப்பா இருக்கே, இது வைரம். மரத்த நிமித்தி வைக்கும், அம்புட்டுத்தான். உசுரு கிடையாது. வேர்த் தண்ணி ஏறுறது இந்த வெள்ளையில. அதுல உளி போட்டா, கழுத்த அறுத்த மாதிரி. இம்மாம் பிள்ளை கைக்கு இது ஆகுமா?"

அப்பா மடியில் இருந்து வெற்றிலையை எடுத்தார். திரும்ப உள்ளே வைத்தார்.

"வந்த வேலையப் பாரும் வே" என்றார்.

அப்புறம் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அடுப்பில் நுரை தள்ளிய சிராய் ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்தது. புதுத்தோல் வருகிறது என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டியதும் தெரிந்தது. நான் காட்டியிருக்காவிட்டால் அவருக்குத் தெரிந்திருக்காது. பத்து வயசில் இது புரியுமா என்று கேட்பீர்கள். புரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தேன். எப்படியும் அம்மையிடம் சொல்லிவிடுவார் என்று இருந்தேன். அப்பா குளித்தார். சாப்பிட உட்கார்ந்தார்.

"அறுத்தாச்சா?" என்றாள் அம்மை.

"ஆச்சு."

நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே போய்ச் சொன்னேன். அப்பாதான் உளியால் வெட்டினார், அறுப்புக்காரத் தாத்தா சொன்னார் என்றேன். அம்மை ஓங்கி ஒரு அறை விட்டாள். அதுவரை அடிக்காதவள்.

"மரத்தக் கொன்னது காணாதா? ஒனக்காக மண்ணு சொமந்துட்டு வந்து பூசுன மனுசன் மேலயே பழி போடுதியா?"

அப்பா பக்கத்து அறையில் தறியில் இருந்தார். நாடாச் சத்தம் நின்றது. எழுந்து வருவார் என்று வாசலைப் பார்த்தேன். பிறகு, டக்கு டக்கு என்று திரும்ப ஓடத் தொடங்கியது. அத்தோடு நான் வாயைத் திறக்கவில்லை. பயத்தினால் இல்லை. ஒரு முறை சொன்னேன், நம்பவில்லை. இரண்டாவது முறை கெஞ்சுகிற பழக்கம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

செட் எழும்பியது. நாலு தறி இறங்கியது. சித்தப்பாவுக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்பது எனக்குக் கடைசிவரை தெரியாது. அம்மை அந்த செட்டின் மூலையில் உட்கார்ந்து நூல் சுற்றினாள். "மதினி, அந்தக் கலரு வேண்டாம், இதச் சுத்துங்க" என்று சித்தப்பா சொல்ல, சரி என்று தலையாட்டினாள். ஏவின வாய் அப்படியே மூடிக்கொண்டது. அப்பா இரண்டு தறியை நின்றுகொண்டே ஓட்டினார், முழங்கால் வலி குறைந்தது. என் மேல் அவருக்கு அதற்குப் பிறகு பிரியம் கூடிவிட்டது. வளையல் வாங்கி வருவார், ரிப்பன் வாங்கி வருவார். நான் போட்டுக்கொண்டதில்லை. "பிள்ளைக்கு அழுத்தம் ஜாஸ்தி" என்று அம்மை சொல்வாள். கல்யாணமாகிப் போகிற அன்றைக்கு அப்பா விம்மி விம்மி அழுதார். மகள் மேல் எவ்வளவு பாசம் என்று சம்பந்தி வீட்டார் பேசிக்கொண்டார்கள்.

எண்பதுகளின் நடுவில், எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த வருஷம், அம்மை நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிட்டாள். செட்டுத் தூசி. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். ஒருநாள் மத்தியானம், நல்ல வெளிச்சத்தில், தெளிவாக இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பா சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் இல்லை. அம்மை என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏட்டி. அந்த வேம்பு."

"என்னம்மா?"

"நீ சின்னப் பிள்ளை. தெரியாமத்தான் செஞ்ச. நான்தான் கோவத்துல ஒன்னயப் படிக்க விடாம ஆக்கிட்டேன். மனசுல வச்சுக்கிடாத. ஒன்னய நான் மன்னிச்சு எம்புட்டோ நாளாச்சு. வாய் தொறந்து சொல்லலன்னா போற வழியில உறுத்தும்லா, அதான் சொல்லுதேன்."

நான் அப்பாவைப் பார்த்தேன். நேராகப் பார்த்தேன். அவர் தோள் துண்டை எடுத்து மடியில் போட்டு, அதை நாலாக மடித்தார். எட்டாக மடித்தார். அம்மை மூச்சு வாங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவருக்கு வேண்டிய மட்டும் நேரம் கொடுத்தேன்.

"மருந்து குடிக்க நேரமாச்சுன்னு நெனைக்கேன்" என்றார் அப்பா.

அம்மை என் மணிக்கட்டை விடவில்லை. பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிம்மா" என்றேன்.

அவள் கையை விட்டாள்.